சப்பாத்தியும் சாம்பாரும் பின்னே என் சிறுகுடலும்

நாலு மாசமா இந்தப் பக்கம் தலை வெச்சே படுக்கலை. ஆணி அதிகம்னு சொன்னா அது பாதி உண்மை. மீதிப் பாதி, எழுத உக்காந்தா இந்த ஒரு விஷயம்தான் வந்து முன்னாடி நின்னுச்சு, அதை எழுத மனசு வரலை. இப்ப அம்மாவே "எழுதுப்பா, நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சரி"ன்னு சொல்லிட்டாங்க. ஆக, இது அம்மா பெர்மிஷனோட வர்ற பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க. தொட்டுக்க பிஸ்கட் வேணுமா வேணாமாங்கறதை கடைசியில முடிவு பண்ணிக்கலாம் :-)

கொசுவத்தி ஒண்ணு சுத்தணும். வருஷம் 2019. கோவில்பட்டியில பொறந்து, இஞ்சினியரிங் முடிச்சு, கேம்பஸ்ல செலக்ட் ஆகி, குர்கான்ல பொட்டி தட்டப் போன எத்தனையோ பேர்ல நானும் ஒருத்தன். பி.ஜி.யில மூணு வேளையும் ரொட்டி. காலையில பராட்டா, மதியம் ரொட்டி, ராத்திரி ரொட்டி. ஞாயித்துக்கிழமை மட்டும் கருணை காட்டி ராஜ்மா சாவல். முதல் ரெண்டு மாசம் வீட்டு ஞாபகத்துல வயித்தெரிச்சல். அப்புறம் நெசமாவே வயித்தெரிச்சல்.

வயிறு உப்பும். ஸ்டாண்டப் மீட்டிங் நடுவுல "ஒன் மினிட்"னு சொல்லிட்டு ஓடுவேன். டீம்ல எனக்கு அந்தப் பேரே வெச்சுட்டானுங்க. வாயில புண்ணு மாறி மாறி வரும். 66 கிலோ இருந்தவன் 54க்கு வந்தேன். எல்லாத்தையும் விட மோசம், களைப்பு. ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கோடு எழுதிட்டு இருக்கும்போதே கண்ணு சொருகும். மேனேஜர் "ராத்திரி எல்லாம் என்ன பண்றே?"ன்னு நக்கலா கேட்பார். தூங்கறேன் சார், பத்து மணி நேரம் தூங்கறேன்னு சொன்னா யார் நம்புவா?

டாக்டர்கள்கிட்ட போகாம இல்லை. முதல் டாக்டர் பூச்சி மாத்திரை குடுத்தார். ரெண்டாவது டாக்டர் அமீபான்னார். மூணாவது ஆள் "ஐ.டி.யா? டென்ஷன்தான். யோகா பண்ணுங்க"ன்னார். ஹீமோகுளோபின் 7.9 இருந்துச்சு. இரும்புச் சத்து மாத்திரை ஆறு மாசம் விடாம முழுங்கினேன், 8.2 ஆச்சு. அப்பவாவது யாராச்சும் ஒருத்தர் "உள்ள போற இரும்பு எங்கப்பா போகுது?"ன்னு கேட்டிருக்கலாம். நானும் கேட்கலை. மெமரி லீக்னா விடிய விடிய உக்காந்து தேடற பய, சொந்த ஒடம்புல இரும்பு லீக் ஆகறதைத் தேடலை பாருங்க.

2020ல கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினாங்க. கோவில்பட்டியில ஒன்றரை வருஷம். இட்லி, தோசை, சோறு, கம்மங்கூழ். எட்டு கிலோ ஏறினேன். முழுசா சரியாகலை, ஆனா ஆளு தேறிட்டேன். "பாத்தியா, அம்மா கைச்சோறு"ன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. திரும்ப குர்கான் போனதும் மூணே மாசத்துல பழையபடி ஆயிட்டேன்.

கண்டுபிடிச்சது யார் தெரியுமா? எந்த டாக்டரும் இல்லை. என் ரூம்மேட்டோட அம்மா. லூதியானாக்காரங்க. மகனைப் பார்க்க வந்தவங்க என்னைப் பார்த்ததும் கையைப் பிடிச்சு நகத்தைப் பார்த்தாங்க, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க. மகன்கிட்ட பஞ்சாபியில என்னமோ சொன்னாங்க. அவன் மொழிபெயர்த்தான். "எங்க சித்தி பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம். கேஹூன் கீ எலர்ஜி. கோதுமை சேராது. டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கோதுமை சேராதா? அரிசியே கெடுதல், சப்பாத்திதான் ஒடம்புக்கு நல்லதுன்னு ஊர்ல பாதிப் பேரு ராத்திரி சப்பாத்திக்கு மாறிட்டு இருக்காங்க. இந்தம்மா என்னடா உல்டாவா சொல்றாங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, பஞ்சாப், ஹரியானா பக்கம் வீட்டுப் பொம்பளைங்களுக்கே இந்த வியாதி தெரியுமாம். நம்ம பக்கம் பேரு கேட்டவங்களே கம்மி.

2023 பிப்ரவரியில ஒரு குடல் டாக்டர்கிட்ட போனேன். ரத்தத்துல டிடிஜி ஆன்டிபாடி டெஸ்ட் எழுதினார். ரிசல்ட், மெஷின் அளக்கக்கூடிய அளவையும் தாண்டி இருந்துச்சு. அப்புறம் வாய் வழியா ட்யூப் விட்டு, சிறுகுடலோட ஆரம்பப் பகுதியில இருந்து ஆறு துணுக்கு எடுத்தாங்க. ரிப்போர்ட்ல "மார்ஷ் 3"ன்னு இருந்துச்சு. வியாதி பேரு சீலியாக். மருந்து? கிடையாது. மாத்திரை? கிடையாது. கோதுமை, பார்லி, ரை இந்த மூணையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது. அவ்வளவுதான் ட்ரீட்மென்ட்.

அந்த டாக்டர் பொறுமைசாலி. ஒரு பேப்பர்ல படம் போட்டு விளக்கினார். மீதியை நானே ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சேன். பொட்டி தட்டுறவன் புத்தி, ரூட் காஸ் தெரியாம தூக்கம் வராது. எனக்குப் புரிஞ்சதை உங்களுக்குச் சொல்றேன். பயாலஜி வாத்தியார்கள் யாராச்சும் இருந்தா கோச்சுக்காதீங்க.

புரோட்டா மாஸ்டர் மாவை வீசறதைப் பார்த்திருப்பீங்க. கிழியாம, துணி மாதிரி விரியும். அரிசி மாவை அப்படி வீசுங்க பார்ப்போம்! அந்த இழுவைத்தன்மையைக் குடுக்கறதுதான் குளூட்டன். கோதுமையில இருக்கிற கிளையடின், குளூட்டெனின்னு ரெண்டு வகைப் புரதங்கள் தண்ணியில சேர்ந்து பின்னிக்கறதுக்குப் பேருதான் அது. இந்தப் புரதங்கள்ல குளூட்டமின், புரோலின்னு ரெண்டு அமினோ அமிலங்கள் ரொம்ப அதிகம். புரோலின் பக்கத்துல வெட்டறது நம்ம செரிமான நொதிகளுக்குக் கஷ்டம். அதனால மத்த புரதம் மாதிரி இது பொடிப்பொடியா உடையாது. நீள நீளத் துண்டா மிஞ்சும். 2002ல ஒரு ஆராய்ச்சியில, 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு எந்த நொதிக்கும் மசியாம அப்படியே நிக்கறதைக் காட்டினாங்க.

இது வரைக்கும் எனக்கும் உங்களுக்கும் ஒரே கதைதான். உங்க குடல்லயும் அந்தத் துண்டு இருக்கும். வந்த வழியே போயிடும். என் குடல்ல அது சுவரைத் தாண்டி உள்ள போகும்போதுதான் சிக்கல்.

உள்ளே டிஷ்யூ டிரான்ஸ்குளுட்டமினேஸ்னு ஒரு நொதி. அதான் அந்த டிடிஜி. இது வில்லன் இல்லை. காயம் பட்ட இடத்துல புரதங்களை ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒட்டுப் போடற நல்ல வேலைக்காரன். ஆனா அதுக்குப் பிடிச்ச தீனி குளூட்டமின். கோதுமைத் துண்டு முழுக்க குளூட்டமின். இது அதைப் பிடிச்சு, சில இடங்கள்ல குளூட்டமினை குளூட்டமிக் அமிலமா மாத்திடுது. ரொம்பச் சின்ன மாற்றம். ஆனா அதனால அந்த இடத்துல ஒரு நெகட்டிவ் மின்னேற்றம் வந்துடுது.

அடுத்தது, நம்ம நோய் எதிர்ப்பு செல்கள். இதுல சில செல்கள் கண்ணுல படற புரதத் துண்டுகளை எல்லாம் எடுத்து, கையில ஏந்தி, டி செல்கள்கிட்ட "இது நம்ம ஆளா, வெளி ஆளா பாரு"ன்னு காட்டும். அந்தக் கையோட வடிவம் ஆளாளுக்கு வேற. பரம்பரையா வர்றது. சீலியாக் உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே அந்தக் கை ஹெச்.எல்.ஏ. டிக்யூ2 அல்லது டிக்யூ8ங்கற வகை. இந்த வகைக் கையில இருக்கிற பள்ளங்களுக்கு நெகட்டிவ் மின்னேற்றம்னா அவ்வளவு இஷ்டம். டிடிஜி மாத்திவிட்ட கோதுமைத் துண்டு அதுல கச்சிதமா உக்காந்துக்கும். டி செல் பார்க்குது. "வெளி ஆளு! பிடி, அடி!"ன்னு அலாரம்.

கவனிச்சீங்களா? நொதி தன் வேலையைச் சரியாத்தான் பண்ணுச்சு. கை தன் வேலையைச் சரியாத்தான் பண்ணுச்சு. டி செல்லும் அப்படித்தான். தனித்தனியா டெஸ்ட் பண்ணா எல்லாமே பாஸ். சேர்த்து ஓட்டினா சிஸ்டம் காலி. எங்க வேலையில இந்த மாதிரி பக் வந்தா, எந்த டீமும் தன்னோடதுன்னு ஒத்துக்காது :-)

அலாரம் அடிச்ச பிறகு நடக்கறதுதான் நாசம். டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா மாதிரியான ரசாயனங்களைக் கொட்டி அழற்சியை உண்டாக்குது. இன்னொரு பக்கம், குடலோட மேல்தோல் செல்கள் இன்டர்லூகின் 15ங்கற சமிக்ஞையை அனுப்புது. அந்தத் தோலுக்குள்ளயே காவல் இருக்கிற லிம்ஃபோசைட்டுகள் அதைக் கேட்டு வெறி பிடிச்ச மாதிரி ஆகி, பக்கத்துல இருக்கிற நல்ல செல்களையே கொல்ல ஆரம்பிக்குது. காவல்காரனே வீட்டை இடிக்கற கதை.

நம்ம சிறுகுடலோட உள்பக்கம் துண்டுத் துணி மாதிரி. 1 மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாத லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள். சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சறது அதுங்கதான். இந்த அடிதடியில அதுங்க தேய்ஞ்சு, மழுங்கி, கடைசியில தரை மாதிரி ஆயிடும். என் ரிப்போர்ட்ல மார்ஷ் 3ன்னு இருந்ததுக்கு அர்த்தம் அதுதான். துண்டு மாதிரி இருக்க வேண்டியது ரெக்சின் ஷீட் மாதிரி இருந்திருக்கு.

இரும்பு எங்கே உறிஞ்சப்படுது? சிறுகுடலோட ஆரம்பப் பகுதியில. கோதுமை முதல்ல அடிக்கறதும் அங்கதான். ஆறு மாசம் மாத்திரை முழுங்கியும் ஹீமோகுளோபின் அசையாததுக்கு விடை கிடைச்சுதா? கால்சியமும் இப்படியே கோட்டை விடறதால எலும்பும் வீக் ஆகும். பால் செரிக்க வைக்கிற லாக்டேஸ் நொதி அந்த உறிஞ்சிகளோட மேற்பரப்புலதான் இருக்கு. உறிஞ்சி போனா பாலும் சேராது. ("ஒடம்பு தேற பால் குடி"ன்னு அறிவுரை சொன்னவங்க எல்லாம் வரிசையில வரவும்.)

இதுல ஒரு தமாஷ். ரத்தத்துல டெஸ்ட் பண்ணது கோதுமைக்கு எதிரான ஆன்டிபாடி இல்லை, என்னோட சொந்த டிடிஜி நொதிக்கு எதிரான ஆன்டிபாடி. கோதுமைத் துண்டோட ஒட்டிக்கிட்டு நின்ன பாவத்துக்கு அந்த நொதியும் குற்றவாளி லிஸ்ட்ல சேர்ந்துடுது. 1997ல ஜெர்மனியில இதைக் கண்டுபிடிச்ச பிறகுதான் இந்த ரத்தப் பரிசோதனையே வந்துச்சு. கோதுமையை நிறுத்தினா இந்த ஆன்டிபாடி மெல்ல மெல்ல இறங்கிடும். ஆகவே மகா ஜனங்களே, சந்தேகம் வந்தா கோதுமையை நிறுத்திட்டு டெஸ்டுக்குப் போகாதீங்க. சாப்பிட்டுட்டு இருக்கும்போதே எடுக்கணும். நிறுத்திட்டு எடுத்தா "நெகட்டிவ்"னு வந்து உங்களை ஏமாத்தும்.

இன்னொண்ணு. இதை எலர்ஜின்னு சொல்றோமே தவிர, வேர்க்கடலை எலர்ஜி மாதிரி சாப்பிட்ட அஞ்சாவது நிமிஷம் மூஞ்சி வீங்கற சமாசாரம் இல்லை. அது வேற ரூட்டு. இது மெதுவா, மாசக்கணக்கா, வருஷக்கணக்கா, சத்தமே இல்லாம நடக்கறது. சிலருக்கு வயித்துல ஒரு தொந்தரவும் இருக்காது. வெறும் ரத்த சோகை மட்டும் இருக்கும். இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

கோதுமைதான் காரணம்னு உலகத்துக்குச் சொன்ன ஆளைப் பத்திச் சொல்லாம போனா பாவம். நெதர்லாந்துல வில்லெம் டிக்கேன்னு ஒரு குழந்தை மருத்துவர். அவர் காலத்துல இந்த வியாதிக் குழந்தைங்களுக்கு என்ன வைத்தியம் தெரியுமா? வாழைப்பழம்! 1924ல அமெரிக்காவுல சிட்னி ஹாஸ்ங்கற டாக்டர் வாழைப்பழ டயட்டுன்னு ஒண்ணு கொண்டு வந்து, அது பல வருஷம் ஓடுச்சு. குழந்தைங்க தேறவும் செஞ்சாங்க. வாழைப்பழத்துல மகிமை எதுவும் இல்லை, அந்த டயட்டுல ரொட்டி கிடையாது. வேலை செஞ்சது அதுதான்!

டிக்கேவுக்கு 1930கள்லயே ரொட்டி மேல சந்தேகம். அந்தச் சந்தேகத்தை முதல்ல கிளப்பிவிட்டது ஒரு குழந்தையோட அம்மாவாம். ரொட்டியை நிறுத்தினா புள்ளைக்குச் சரியாகுதுன்னு அந்தம்மா சொன்னதை அவர் காது குடுத்துக் கேட்டார். 1944-45 குளிர்காலத்துல, ஜெர்மனி ஆக்கிரமிப்புல நெதர்லாந்தே பஞ்சத்துல கெடந்துச்சு. ரொட்டி இல்லை, துலிப் செடிக் கிழங்கைக் கூட ஜனங்க சாப்பிட்டாங்க. ஊரே வாடின நேரத்துல இந்தக் குழந்தைங்க வயிறு மட்டும் நல்லா ஆச்சு. போர் முடிஞ்சு ரொட்டி திரும்ப வந்ததும் வியாதியும் திரும்ப வந்துச்சு. டிக்கே அதோட விடாம, குழந்தைங்களுக்குக் கோதுமை குடுத்தும் நிறுத்தியும் கணக்கா அளந்து பார்த்து, 1950ல தன் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார்.

டச்சுக்கார அம்மா ஒருத்தங்க, லூதியானாக்கார அம்மா ஒருத்தங்க. டிக்கே கேட்ட மாதிரி, நல்ல வேளையா நானும் கேட்டேன்.

நம்ம ஊர் கணக்கும் ஒண்ணு இருக்கு. இந்தியாவுல 23 ஆயிரம் பேருக்கு மேல டெஸ்ட் பண்ணி 2016ல வெளியான ஒரு ஆய்வு. வடக்குல 100 பேர்ல 1.23 பேருக்கு சீலியாக். தெற்குல 0.10. அதாவது ஆயிரத்துல ஒருத்தர். ஆனா அந்த டிக்யூ கை மட்டும் வடக்கு, தெற்கு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இருக்கு. அப்ப வித்தியாசம் எங்கே? தட்டுல. வடக்குல ஒரு ஆள் ஒரு நாளைக்கு சராசரியா 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்குல 25 கிராம். நமக்குத் துப்பாக்கி இருக்கு, தோட்டாவை இத்தனை நாள் போடலை. இப்ப ராத்திரி சப்பாத்தி, காலையில பிரெட், சாயங்காலம் புரோட்டான்னு மெல்லப் போட்டுட்டு இருக்கோம். பயமுறுத்தலை மக்களே, அந்தக் கை இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வியாதி வர்றதே இல்லை. ஆனா வர்ற ஒருத்தரை நம்ம பக்கம் யாரும் சந்தேகப்படறதே இல்லைங்கறதுதான் பிரச்சனை.

சரி, வீட்டுக் கதைக்கு வர்றேன்.

கம்பெனியில கெஞ்சிக் கூத்தாடி வீட்ல இருந்து வேலைன்னு வாங்கிட்டு கோவில்பட்டி வந்துட்டேன். அம்மா சிரிச்சாங்க. "கோதுமைதானே? அதுக்கென்ன, இட்லி தோசையிலயே உன்னைத் தேத்திருவேன்"னாங்க. ரவை போச்சு, சேமியா போச்சு, மைதா போச்சு, கேசரி போச்சு. ஒடம்பு சரியில்லைன்னா ஊர்ல எல்லாரும் வாங்கிட்டு வர்ற பிரெட்டு, ரஸ்க்கு, மால்ட் பவுடர் எல்லாம் போச்சு. (மால்ட்னா முளைகட்டின பார்லி. எனக்கு ஒடம்பு முடியலைன்னு பார்க்க வந்த பெரியப்பா கையில அதுதான் இருந்துச்சு.)

ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா, ஆன்டிபாடி இறங்கினதாவே தெரியலை. எண்ணிக்கை அப்பவும் எகிறித்தான் நின்னுச்சு. களைப்பும் பாதிதான் போயிருந்துச்சு. டாக்டர் போன்ல கேட்டார், "எங்கேயோ கோதுமை உள்ள வருது. எங்கே?" 2007ல இத்தாலியில நடந்த ஆய்வு ஒண்ணையும் சொன்னார். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் 90 நாள் உள்ள போனாலே குடல் கெடுமாம். ஒரு ஸ்லைஸ் பிரெட்ல இருக்கிறதே சுமார் 2 கிராம்னா, 50 மில்லிகிராம் எவ்வளவு பொடித் துணுக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

எக்செல் ஷீட் போட்டேன். ஒரு வாரம் வாயில போட்ட ஒவ்வொண்ணையும் எழுதினேன். அப்புறம் அடுப்படியில போய் உக்காந்து அம்மா சமைக்கறதை லாக் படிக்கிற மாதிரி பார்த்தேன். ராத்திரி அப்பாவுக்குச் சப்பாத்தி. அப்பாவுக்கு சுகர் வந்ததுல இருந்து பத்து வருஷமா ராத்திரி சப்பாத்திதான். அம்மாவும் தனியா எதுக்குச் செய்யணும்னு அதையே சாப்பிட்டுருவாங்க. அதே கல்லைத் துணியால ஒரு துடை துடைச்சுட்டு எனக்கு தோசை ஊத்தினாங்க. சரி, பக் நம்பர் ஒண்ணு.

பக் நம்பர் ரெண்டு சாம்பார்ல. தாளிக்கும்போது அம்மா ஒரு டப்பாவைத் தட்டினாங்க. பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்துல, சேர்மானங்கள்ல கோதுமை மாவு. சுத்தமான பெருங்காயம் ரொம்பக் காரம்ங்கறதால மாவு சேர்த்து கூட்டுப் பெருங்காயமா விக்கறது காலங்காலமா இருக்கிற வழக்கம்தான், யாரும் ஏமாத்தலை. நாமதான் திருப்பிப் பார்க்கறதில்லை. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் கூட. ஒரு சிட்டிகைதான். ஆனா தினமும், எல்லாத்துலயும்.

அம்மா முகம் போன போக்கை என்னால மறக்க முடியாது. டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டே, "அப்ப இந்த ஆறு மாசமா நானே உனக்கு..."ன்னு நிறுத்திட்டாங்க. "யம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க, பத்து டாக்டருக்குத் தெரியலை"ன்னேன். அன்னைக்குச் சாம்பாரைக் கொட்டிட்டாங்க. எவ்வளவு சொல்லியும் கேட்கலை.

டாக்டர் இன்னொண்ணும் சொல்லியிருந்தார். ரத்த உறவுல பத்துல ஒருத்தருக்குக் கிட்ட இது இருக்கலாம், வீட்ல எல்லாருக்கும் டெஸ்ட் எடுங்கன்னு. எனக்கு முதல் சந்தேகம் தங்கச்சி மேல. ஒல்லி, சீக்கிரம் களைச்சுப் போவா. சொன்னேன். வீடே ரெண்டாச்சு.

"கல்யாணம் பேசிட்டு இருக்கிற புள்ளைக்கு வியாதின்னு பேரு வைக்காதே தம்பி. ஊருக்குத் தெரிஞ்சா யாரு வருவா?"

நான் கத்தினேன். இத்தனை வருஷத்துல அம்மாகிட்ட அப்படிக் கத்தினதில்லை. "மாப்பிள்ளை வர்றதுதான் முக்கியமா, இவ எலும்பு உளுத்துப் போறது முக்கியமில்லையா?"ன்னு என்னென்னமோ பேசிட்டேன். அம்மா பதில் பேசலை. நாலு நாள் என்கிட்ட பேசலை. இப்ப நினைச்சாலும் அந்த வார்த்தைகள் உறுத்துது. அவங்க பயம் பொய் இல்லையே. பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன கேட்பாங்கன்னு எனக்கா தெரியும், அவங்களுக்குத்தானே தெரியும்.

தங்கச்சி மதுரையில வேலை பார்க்கறா. யார்கிட்டயும் சொல்லாம அவளே போய் டெஸ்ட் எடுத்துட்டு எனக்கு போன் பண்ணா. "அண்ணே, நெகட்டிவ். அம்மாகிட்ட நீ இனிமே கத்தாதே. ஆனா ஒண்ணு கேட்கறேன். என்னையே பார்த்துட்டு இருந்தியே, அம்மாவை யாராச்சும் பார்த்தோமா?"

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

அம்மாவுக்கு எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்தே ரத்தம் கம்மி. எட்டு, எட்டரை. "பொம்பளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும்"னு அவங்களே சொல்லுவாங்க, டாக்டரும் சொல்லுவார், நாங்களும் தலையாட்டுவோம். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, இரும்பு மாத்திரை. எதுவும் அசையாது. மாடியில துணி காயப்போட்டுட்டு வந்தா திண்ணையில அஞ்சு நிமிஷம் உக்காந்துதான் உள்ள வருவாங்க. 2021ல பாத்ரூம்ல லேசா வழுக்கினதுக்கே மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுது. எல்லாரும் பாத்ரூம் தரையைத் திட்டினோம். எலும்பைப் பத்தி யாரும் யோசிக்கலை. வயித்துல அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. மேல ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அது இதுக்குத்தான்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்"னு அதுக்கும் ஒரு மாசம் இழுத்தாங்க. கடைசியில அப்பாதான் "புள்ளை சொல்றான்ல, வா, நானும் எடுக்கறேன்"னு கூட்டிட்டுப் போனார். அப்பாவுக்கு நெகட்டிவ். அம்மாவுக்கு பாசிட்டிவ். எண்டாஸ்கோப்பியிலயும் உறுதி ஆச்சு. இது 2024ல.

ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப நான்தான் உனக்குக் குடுத்தேனா?"

தனக்கு வந்ததைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நான் டாக்டர் போட்டுக் காட்டின படத்தையே போட்டுக் காட்டினேன். கை, பள்ளம், துண்டு. அந்தக் கை அப்பாகிட்ட இருந்தும் வந்திருக்கலாம், நாட்டுல மூணுல ஒருத்தருக்குக் குடுத்து வெச்சிருக்குன்னேன். கோவில்பட்டியில சோறும் கம்பும் சாப்பிட்ட காலத்துல அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்திருக்கலாம்னேன். அவங்க எல்லாத்தையும் கேட்டுட்டு, "இத்தனை வருஷம் எனக்கு சோம்பேறித்தனம்னுல்ல நினைச்சுட்டு இருந்தேன்"னாங்க.

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை.

இப்ப எங்க வீட்ல சப்பாத்திக் கல்லு பரண்ல இருக்கு. புதுசா ஒரு தோசைக்கல்லு. பெருங்காய டப்பா கிடையாது, சாம்பாருக்கு பூண்டு ரெண்டு பல்லு கூட. முதல் வாரம் என்னவோ மாதிரி இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு. ராத்திரிக்குக் கம்பு தோசை, சோள தோசை. கரிசக்காட்டுல ஆச்சி காலத்துல சாப்பிட்டதுக்கே திரும்பி வந்தாச்சு. அப்பா "உங்களுக்கு இல்லாத சப்பாத்தி எனக்கு மட்டும் எதுக்கு"ன்னு வீட்ல நிறுத்திட்டார். வாரத்துல ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டாக் கடையில அவரைப் பார்த்ததா தகவல். கண்டுக்கறதில்லை :-)

என் ஆன்டிபாடி இறங்கி நார்மலுக்கு வந்துடுச்சு. எடை 65. அம்மாவுக்கு இன்னும் முழுசா இறங்கலை, நாளாகும்னார் டாக்டர். ஆனா போன வாரம் ஹீமோகுளோபின் 11.4. நான் இப்ப சென்னையில இருக்கேன், போன்ல சொன்னாங்க. நம்பரைச் சொல்லிட்டு வெச்சுட்டாங்க. ஒரு நிமிஷத்துல திரும்பக் கூப்பிட்டாங்க.

"தம்பி, சொல்ல மறந்துட்டேன். இன்னைக்கு மாடியில துணி காயப்போட்டுட்டு வந்து நேரா அடுப்படிக்கே போயிட்டேன். திண்ணையில உக்காரலை. அப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு."

அவ்வளவுதான் மக்களே, பதிவு.

பி.கு: உங்க வீட்ல வருஷக்கணக்கா ரத்தம் கம்மின்னு மாத்திரை சாப்பிட்டுட்டு, ஏறவே ஏறாம யாராச்சும் இருந்தா, டாக்டர்கிட்ட "டிடிஜி டெஸ்ட் எடுக்கலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ரத்தம் கம்மியாக நூறு காரணம் இருக்கலாம், இது அதுல ஒண்ணு, அவ்வளவுதான். டெஸ்டுக்கு முன்னாடி சப்பாத்தியை நிறுத்தாதீங்க. டெஸ்ட் எடுக்காம நீங்களா நிறுத்தவும் வேணாம்.

பி.கு 2: இது இல்லாதவங்க தாராளமா பிஸ்கட் சாப்பிடலாம். எனக்கும் சேர்த்து ரெண்டு சாப்பிடுங்க.